ஏழையைத் திருப்பி அனுப்பாத ஏற்பாடு

நுரையீரல் மாற்று வேண்டும் என்று வந்து நின்ற ஓர் ஏழையை, ‘உனக்குக் கிடையாது, போய் வா’ என்று நம் ஊர் மருத்துவ ஏற்பாடு திருப்பி அனுப்பியதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? நான் கேள்விப்பட்டதில்லை. கொரோனா வீடு வீடாக மூச்சை எண்ணிக்கொண்டு போன அந்த இரண்டு ஆண்டுகளிலும்கூட இல்லை. ரேஷன் கடையில் திருப்பி அனுப்புகிறார்கள். தாலுகா ஆபீசில் நாளைக்கு வா என்கிறார்கள். நெஞ்சைத் திறந்து இரண்டு நுரையீரலையும் எடுத்துவிட்டு வேறு இரண்டை வைத்துத் தைக்கிற இடத்தில் மட்டும் அந்த அவமரியாதை நடப்பதில்லை. இவ்வளவு பண்பான ஓர் ஏற்பாட்டுக்கு இன்னும் ஒருவரும் சால்வை போர்த்தவில்லை என்பது நம் சமூகத்துக்கே ஒரு குறை.

முதலில் அறுவை மருத்துவர்களின் கைவேலையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியில் வஞ்சமில்லை. 2020 பிப்ரவரி 29-ஆம் தேதி சீனாவின் வூசி நகரில் சென் ஜிங்யூ தலைமையிலான குழு, கொரோனாவால் நுரையீரல் செத்துப்போன ஒருவருக்கு இரண்டு நுரையீரல்களையும் மாற்றியது. ஜூன் 5-ஆம் தேதி சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் மெமோரியல் மருத்துவமனையில் அங்கித் பரத் குழுவினர், இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு அதையே செய்தார்கள். பத்து மணி நேரம் பிடித்தது. கொரோனா அரித்த நுரையீரல் மற்ற நுரையீரல்களைப் போல எளிதில் கையோடு வராது. கெட்டிப்பட்டு, விலா எலும்புக்கூட்டோடு ஒட்டிக் கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கிற இடமெல்லாம் ரத்தம் கசியும். அந்த வேலைக்கு நின்ற கால்களைக் கும்பிடத்தான் வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையிலும் நடந்தது. ‘கொரோனா நோயாளிக்கு நுரையீரல் மாற்று, ஆசியாவிலேயே முதல்’ என்று நம் பத்திரிகைகள் எழுதின. வூசி எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நல்ல காரியம் நடக்கும்போது பூகோளம் பேசக் கூடாது.

இனிப் பாராட்டு.

இந்தச் சிகிச்சையை யாருக்குச் செய்யலாம் என்பதை வகுத்தவர்களின் நியாய உணர்வை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். டொரான்டோவில் மார்செலோ சைபெல், ஷஃப் கேஷவ்ஜீ என்ற இரு மருத்துவர்கள் 2020-லேயே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். வயது 65-க்குள் இருக்க வேண்டும். நுரையீரல் ஒன்றுதான் கெட்டிருக்க வேண்டும். சிறுநீரகமும் சேர்ந்து போயிருந்தால் ஆகாது. தானாகத் தேறுவதற்கு நான்கு வாரமாவது பொறுத்துப் பார்த்திருக்க வேண்டும். இனி மீளாது என்பது படத்தில் தெரிய வேண்டும். உடம்பில் வைரஸ் இருக்கக் கூடாது. கூடுமானவரை நோயாளி விழித்திருந்து தானே சம்மதம் சொல்ல வேண்டும். உலகமெங்கும் பல மருத்துவமனைகள் இதையோ இதை ஒட்டியதையோதான் பின்பற்றின. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் மருத்துவக் காரணம் இருக்கிறது. ஜாதி இல்லை, மதம் இல்லை, பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பட்டியலின் இந்தத் தூய்மைதான் நம் ஏற்பாட்டுக்குக் கிடைத்த பெரிய வரம்.

ஏனென்றால் அந்த நான்கு வாரம் நோயாளி எங்கே படுத்திருப்பார் என்று பட்டியல் கேட்கவில்லை.

எக்மோ கட்டிலில் படுத்திருப்பார். தொடையிடுக்கிலிருந்து விரல் தடிமன் குழாய் ஒன்று கறுத்த ரத்தத்தை வெளியே இழுக்கும். கட்டிலோரத்தில் இருக்கும் இயந்திரம் அதற்குள் ஆக்சிஜனை ஏற்றும். கழுத்துப் பக்கக் குழாய் வழியாகச் செக்கச்செவேலென்று அது திரும்பிப் போகும். இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் நிறத்திலேயே வேலை புரிந்துவிடும். ரத்தம் உறையவும் கூடாது, கசியவும் கூடாது என்பதால் இரவும் பகலும் ஒருவர் கண் அகலாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் இதற்கு நாளொன்றுக்கு லட்சக் கணக்கில் ஆனது என்பது கொரோனா ஐசியூ வாசலில் நின்ற எல்லாக் குடும்பங்களுக்கும் தெரியும். அறுவை சிகிச்சைக்கு முப்பது நாற்பது லட்சம் என்பது அதற்கு அப்புறம் வருகிற கணக்கு.

முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் தருகிறது. பெரிய சிகிச்சைகளுக்குத் தனி நிதியும் வைத்திருக்கிறார்கள். அட்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டை தீர்ந்த பிறகும் மாதத்தில் நாட்கள் மிஞ்சிவிடுகின்றன, அவ்வளவுதான்.

ஆக, நுரையீரல் கேட்டு வரிசையில் நிற்பதற்கு முதல் தகுதி, நுரையீரல் இல்லாமல் ஒரு மாதம் உயிரோடு இருப்பது. அந்த ஒரு மாதத்தை விலை கொடுத்து வாங்கியவர் மட்டும்தான் பட்டியலின் முன்னால் வந்து நிற்கிறார். அங்கே வந்து நின்றவர்களிடையே நம் மருத்துவர்கள் காட்டிய நடுநிலையை யாரும் சந்தேகிக்க முடியாது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர் யார் முகத்தையும் பார்த்துப் பாகுபாடு செய்வதில்லை. பத்திரிகை வைக்காத வீட்டார் அந்தத் தெருவுக்கே வருவதில்லை என்பது அவருடைய பொறுப்பா?

வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பது அநாகரிகம். கேட்டாலும் நல்ல பதிலே கிடைக்கும். 2021 மே மாதத் தொடக்கத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லை என்று அதிகாரிகள் தெளிவுபடுத்தினார்கள். அந்த ஜூலையில் மாநிலங்களவையில் கேள்வி வந்தபோது, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் எதுவும் தனியாகத் தெரிவிக்கவில்லை என்று மத்திய அரசு பதில் தந்தது. சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு ஓடியவர்களும், ஆட்டோவிலேயே மூச்சு நின்றவர்களும் வேறு ஏதோ காரணத்துக்காகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இப்படி ஒரு நாட்டில், ஆக்சிஜன் கட்டில்வரை வராதவர் எக்மோ வரை வருவது எப்படி, எக்மோ வரை வராதவர் மாற்று நுரையீரல்வரை வருவது எப்படி? ஒவ்வொரு படியிலும் கூட்டம் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் படியில் நெரிசலே இல்லை. உலகத்திலேயே ஒழுங்கான வரிசை நம்முடையதுதான்.

இன்னொரு நுட்பம் உண்டு. அது பலருடைய கண்ணில் படவில்லை. பணம் புது நுரையீரலை மட்டும் வாங்கித் தரவில்லை. புது நுரையீரல் வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் வாங்கித் தந்தது. சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் 2021-இல் ஒருவர் எக்மோவும் வென்டிலேட்டருமாக 109 நாள் கிடந்தார். மாற்று நுரையீரலுக்குப் பெயரும் பதிவாகியிருந்தது. அதற்குள் அவருடைய சொந்த நுரையீரலே மெல்ல மெல்ல வேலை செய்யத் தொடங்கி, மாற்று இல்லாமலே வீடு திரும்பினார். கேட்கவே மனம் குளிர்கிறது. மருத்துவம் சொல்லும் அறம் இதுதான்: அவசரப்படாதே, உடம்புக்கு அவகாசம் கொடு. யாருடைய உடம்புக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதை மட்டும் பில்லிங் கவுன்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்ன பெரியவர்கள் பொறுப்பதற்கான தினசரி வாடகையைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சம்மதம் என்ற விஷயத்திலும் நாம் உயர்ந்த இடத்தில் இருக்கிறோம். சிகாகோ பெண் மயக்கத்தில் இருந்தபோது குடும்பத்தார்தான் முடிவெடுத்தார்கள். தன் நெஞ்சுக்குள் இன்னொருவருடைய நுரையீரல் இருப்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இது சரியா என்று மேல்நாட்டு மருத்துவ அறவியலார் எழுதினார்கள். மாற்று நுரையீரல் என்பது வியாதி தீர்ந்து வீட்டுக்குப் போவது அல்ல, ஒரு வியாதிக்குப் பதில் இன்னொரு வியாதி. உடம்பு அதை வெளியாள் என்று கண்டுபிடித்துவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. பாதிப் பேர் ஆறேழு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லவும் ஒரு மனிதருக்கு உரிமை உண்டல்லவா என்பது அவர்கள் வாதம். நமக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. மனைவி கையெழுத்துப் போடுகிறார், மைத்துனர் நகையை அடகு வைக்கப் போகிறார், அண்ணன் ஊரில் நிலத்துக்கு ஆள் பார்க்கிறார். ‘டோனர் எப்ப வேணா கிடைக்கலாம்மா, அட்வான்ஸ் மட்டும் ரெடியா வச்சுக்கோங்க.’ இதற்குமேல் தெளிவாக எந்த அறிவுறுத்தலைத் தர முடியும்? ‘வேண்டாம்’ என்று சொன்னால் புருஷனைக் கொன்றவள் என்று ஊர் சொல்லும் என்ற தகவலை மருத்துவமனை தர வேண்டியதில்லை. அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

(ஜப்பானியர்களின் பண்பையும் இங்கே சொல்ல வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் உடலைத் தொடுவதில் அவர்களுக்கு அவ்வளவு தயக்கம். தானம் மிக அரிது. ஆகவே 2021 ஏப்ரலில் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில், கொரோனாவால் நுரையீரலை இழந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய கணவர், மகன் இருவரின் நெஞ்சையும் திறந்து ஆளுக்கொரு பகுதியை எடுத்து வைத்தார்கள். உலகத்தில் முதன்முறை. இறந்தவர்களுக்கு ஒரு கீறலும் விழாமல் காப்பாற்ற உயிரோடு இருக்கிறவர்கள் முன்வந்தது, குடும்பப் பாசத்துக்கு இலக்கணம்.)

நம் ஊரில் அந்தத் தயக்கம் இல்லை. தமிழ்நாடு உறுப்பு தானத்தில் நாட்டுக்கே வழிகாட்டி. இது வெறும் புகழ்ச்சி அல்ல. 2023-இல் இங்கே 178 பேரின் குடும்பங்கள், மூளைச்சாவு அடைந்த தங்கள் வீட்டு ஆளின் உறுப்புகளைக் கொடுத்தன. அந்தக் குடும்பங்களை எங்கே பார்க்கலாம் என்றால், பெரும்பாலும் விபத்துப் பிரிவின் வராந்தாவில். ஹெல்மெட் இல்லாத இருசக்கர வாகனம், இரவு ஷிப்ட் முடிந்து திரும்பிய பையன், ஜி.எச். மூளைச்சாவு என்று சொல்ல நான்கு மருத்துவர்கள் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு நெஞ்சு எழும்புகிறதா என்று கூடி நின்று பார்ப்பார்கள். எழும்பவில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அப்போதும் எழும்பாவிட்டால் படிவம் 10-இல் கையெழுத்து. அதன் பிறகு ஒருங்கிணைப்பாளர் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்காருவார். ‘ஐயா, ஏதாவது சாப்பிட்டீங்களா?’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ‘எங்கம்மா சாப்பிடறது. அவன் நெஞ்சு ஏறி இறங்குதே, செத்துட்டான்றாங்களே.’ அது மெஷின் ஐயா, மெஷின்தான் ஏத்தி இறக்குது என்று அந்தப் பெண் எத்தனை தகப்பன்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாரோ. ஒரு கட்டத்தில் தகப்பனார் தலையசைப்பார். சம்மதத்துக்குப் படிவம் 8. சிலர் கைநாட்டு.

கையெழுத்து விழுந்ததும் பாருங்கள் நம் சுறுசுறுப்பை. நுரையீரல் உடம்பைவிட்டு வெளியே வந்தால் நான்கைந்து மணி நேரத்துக்குள் அடுத்த உடம்பில் ஓட வேண்டும். போலீஸ் வயர்லெஸ் பேசுகிறது, சிக்னல்கள் பச்சையாகின்றன, பஸ்கள் ஓரம் கட்டுகின்றன, ஆம்புலன்ஸ் காற்றாய்ப் பறக்கிறது. மறுநாள் பத்திரிகையில் எத்தனை கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் கடந்தார்கள் என்ற கணக்கு வந்துவிடும். முழுப் பையனாக அடிபட்டுக் கிடந்தபோது எந்தச் சாலை அவனுக்கு வழிவிடவில்லையோ, அதே சாலை இரண்டு நுரையீரலாகப் போகும்போது வழிவிட்டது. மனிதாபிமானம் நம்மிடம் இல்லாமலில்லை. முழு மனிதனைவிட உதிரி பாகத்துக்குச் சற்று சீக்கிரம் சுரக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து நுரையீரல் வைத்த பெட்டி புறப்பட்டால் பெரும்பாலும் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில்தான் போய் நிற்கிறது. நுரையீரல் மாற்றுக்கான குழுவும் கருவியும் அநேகமாக அங்கேதான் இருக்கின்றன என்பதால் இதில் சூழ்ச்சி எதுவுமில்லை. கொடுப்பதில் ஏழைக்கு முழு உரிமை. வாங்கிக்கொள்வது சிரமமான வேலை, அதை வசதியுள்ளவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். இதைவிட அழகான வேலைப் பங்கீடு எந்தச் சமூகத்தில் உண்டு? உள்ளூரில் வசதியுள்ளவர் போதாதபோது விருந்தோம்பலும் கைகொடுத்தது. 2017-இல் தமிழ்நாட்டில் மாற்றிய நுரையீரல்களில் மூன்றில் ஒன்றும் இதயங்களில் நான்கில் ஒன்றும் வெளிநாட்டவருக்குப் போனதாக மறுவருடம் மத்திய அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். உள்நாட்டில் பொருத்தமானவர் யாரும் இல்லாதபோதுதான் கொடுத்தோம், இல்லாவிட்டால் வீணாகியிருக்கும் என்று பதில் வந்தது. பதில் உண்மைதான். நூற்று முப்பது கோடிக்கு மேல் ஜனம் உள்ள நாட்டில் ஒரு நுரையீரலுக்குப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை. ரத்த வகை பொருந்தியவர்களுக்கு வேறெதுவோ பொருந்தவில்லை.

முன்பே காத்திருந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாராட்டு முழுமையாகாது. ஆண்டுக்கணக்கில் நுரையீரல் நார்த்திசுவாகிச் சுருங்கி, சிலிண்டரோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கல் குவாரித் தூசியில் மூச்சைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். கொரோனா நோயாளியோ எக்மோவில் கிடக்கிறார், இன்றோ நாளையோ என்ற நிலை. ஆகவே அவசரத்தில் அவர் முன்னால். அவர் பெரும்பாலும் இளையவர், போன மாதம்வரை ஆரோக்கியமாக இருந்தவர். ஆகவே பிழைக்கும் வாய்ப்பிலும் அவர் முன்னால். இரண்டு கணக்கிலும் அவரே ஜெயிக்கிறார். பலனும் அப்படியே. அமெரிக்காவில் 2020 ஆகஸ்டிலிருந்து பதினான்கு மாதங்களில் செய்த நுரையீரல் மாற்றுகளில் 214 கொரோனாவுக்காக. அது மொத்தத்தில் 7 சதவீதம். மூன்று மாதம் கழித்து 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உயிரோடு இருந்தார்கள். பிழைக்கக்கூடியவரைத் தேர்ந்தெடுத்தால் பிழைப்பார் என்பது பெரிய கண்டுபிடிப்பு. மெதுவாகச் சாகிறவர்கள் தங்கள் நோயின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் முன்னுரிமை கிடைத்திருக்கும்.

தடுப்பூசி போடாதவருக்கு நுரையீரல் கொடுக்கலாமா என்று மேல்நாடுகளில் பெரிய சர்ச்சை நடந்தது. தானே வரவழைத்துக்கொண்ட நோய்க்கு அரிய உறுப்பைச் செலவிடுவது நியாயமா, ஆனால் குற்றம் குறை பார்த்து வைத்தியம் செய்வது வைத்தியமா என்று. நல்ல கேள்விகள். நாம் இந்தச் சர்ச்சையில் இறங்கவே இல்லை. யாருடைய தவறு என்று நம் மருத்துவமனைகள் யாரையும் கேட்டுப் புண்படுத்துவதில்லை. எந்த கார்டு என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

2023 செப்டம்பரில் தமிழக முதல்வர் ஓர் அறிவிப்பு செய்தார்: உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும். அறிவிப்போடு நிற்கவில்லை; ஆட்சியர்களும் அதிகாரிகளும் மலர்வளையத்தோடு குடிசை வாசல்வரை போகிறார்கள். இதில் நான் கேலி செய்ய ஒன்றுமில்லை. மூன்று மாத வாடகை பாக்கி இருந்த வீட்டுக்கு முன்னால் அரசாங்க ஜீப் நிற்கிறது. தெரு முழுக்க எழுந்து நிற்கிறது. தகப்பனார் யாருக்கோ கை கூப்புகிறார். பையனுடைய நுரையீரல் யாருக்குப் போனது என்று அவருக்குச் சொல்லக் கூடாது என்பது முறை. அவருடைய இளைய மகனுக்கு நாளைக்கு வேறொரு வைரஸ் வந்து அதே உறுப்பு தேவைப்பட்டால் எங்கே போவது என்பதையும் யாரும் சொல்வதில்லை. இரண்டு ரகசியத்தையும் நாம் ஒரே கண்ணியத்தோடு காக்கிறோம்.

ஒரே ஒரு திருத்தம் தோன்றுகிறது. டொரான்டோ பட்டியலின் தலையில், வயதுக்கும் முந்தி, நாம் நடைமுறையில் கடைப்பிடிக்கிற அந்த முதல் விதியையும் எழுதிவிட்டால் என்ன? ‘நோயாளி ஒரு மாத எக்மோ கட்டணத்தைக் கட்டியிருக்க வேண்டும்.’ நேர்மையாக இருக்கும். ஆனால் வேண்டாம். எழுத்தில் வந்துவிட்டால் யாராவது அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார்கள். பொதுநல வழக்கு, தடை உத்தரவு, அரசுக்கு நோட்டீஸ் என்று வீண் தொல்லை. எழுதாமலே இத்தனை ஒழுங்காக நடக்கிற விதியை எழுதிக் கெடுப்பானேன்.